ஏரியில் நனைத்த கை

எங்கள் ஊர் விஸ்வநத்தம். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை பெய்யாததால்தான் எங்களுக்குப் பிழைப்பு. வெயில் காய்ந்தால்தான் பட்டாசு காயும். வானம் கறுத்தால் மற்ற ஊரில் சந்தோஷப்படுவார்கள், எங்கள் தெருவில் திட்டுவார்கள்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்குக் கொஞ்ச நாள் லீவு விடுவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்படி ஒரு லீவில் தெருவே சேர்ந்து வேன் பிடித்து கொடைக்கானல் போனோம். தூக்குவாளியில் புளியோதரை, மடியில் முறுக்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் பாதிப் பேருக்கு வாந்தி.

ஏரியைப் பார்த்ததும் அத்தை பேசவே இல்லை. நேரே கரைக்குப் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டாள். அலுமினியப் பவுடர் ஏறி ஏறிச் சாம்பல் பூத்த கைகள். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த மினுமினுப்பு போகாது.

“ஏய்யா, இம்புட்டுத் தண்ணிய யாருய்யா இங்க கொண்டாந்து விட்டது?” என்றாள்.

“சாமிதான் அத்தை” என்றேன்.

அது தப்பான பதில் என்று தெரிய இருபது வருஷம் ஆனது. பி.காம். முடித்து, கணக்கு எழுதப் பிடிக்காமல் பத்திரிகைக்கு வந்து, ஒரு கட்டுரைக்காகத் திரும்பவும் கொடைக்கானல் போனபோதுதான் தெரிந்தது, அந்த ஏரி ஒரு கலெக்டர் செய்தது.

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலைமேல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அப்போது ஏரி கிடையாது. சதுப்பு நிலமும் ஓடைகளும்தான். 1863-ல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். சுமார் அறுபது ஏக்கர், நட்சத்திர வடிவம். வழியில் எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிற வெள்ளி அருவி, இந்த ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான்.

இமயமலையில் நைனிடால் இருக்கிறது. அது இயற்கையாக அமைந்த ஏரி. அதன் கரையில் வெள்ளைக்காரர்கள் ஊர் கட்டினார்கள். 1880 செப்டம்பர் 18-ம் தேதி மலை சரிந்து 151 பேர் செத்துப்போனார்கள். போட்டோவில் அழகாகத் தெரிகிற எந்த மலை ஊருக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும்போல.

கொடைக்கானலின் கணக்கு பாதரசம். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரங்களைக் கொண்டுவந்து இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-ல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளியே தெரிந்து, ஆலையை மூடினார்கள். 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏரி மீன்களிலும் பாதரசம் இருப்பதாகச் சொன்னது.

ஏரிக்கரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “எந்த ஊரு சார்?” என்று கேட்டார். சொன்னேன். “பட்டாசு ஊரா? அங்க வெடிச்சாச் சத்தம் கேட்கும். இங்க சத்தமே கேட்கலை” என்றார். டீ ஆறிப்போகும்வரை குடிக்கத் தோன்றவில்லை.

2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவு. போன வருஷம் அந்த இ-பாஸ் எடுத்து அத்தையைக் கூட்டிப் போனேன். எழுபதை நெருங்கிவிட்டாள். மூச்சு வாங்குகிறது. வழியெல்லாம் லெவிஞ்ச் கதை, பாதரசக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதது பத்திரிகைக்காரனின் வியாதி.

கரைக்கு வந்ததும் அத்தை தயங்கி நின்றாள்.

“இந்தத் தண்ணியில கை வைக்கலாமாய்யா?”

எனக்குச் சுருக்கென்றது. முதல் தடவை இப்படி ஒரு கேள்வியே அவளுக்கு வரவில்லை. நான்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

“வைக்கலாம் அத்தை. மீனைத்தான் யோசிக்கணும்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “நாப்பது வருசமா மருந்துல கெடந்த கை. இதுக்கு மேல என்னத்த ஆகப்போகுது?” என்று குனிந்தாள். முன்புபோல் முழுக்கக் குனிய முடியவில்லை. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு, “அந்தக் கலெக்டரு நல்லாருக்கட்டும்” என்றாள்.

அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று, அன்றைக்கு நான் சொல்லவில்லை.