ஊட்டியின் பெயரில் தொலைந்த ஊர்!

தொட்டபெட்டா உச்சியில் செல்ஃபி எடுக்கும் பலருக்கும் அந்தப் பெயரின் அர்த்தம் தெரியாது. படுகர் பேச்சில் 'தொட்ட' என்றால் பெரிய, 'பெட்டா' என்றால் மலை. நீலகிரியிலேயே உயரமான சிகரம் அது, 2,637 மீட்டர். அளக்கக் கருவி இல்லாத காலத்திலேயே சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேருந்துப் பலகைகளில் பார்க்கும் 'ஹட்டி', படுகர் கிராமம். கிளன்மார்கனில் உள்ள 'கிளன்', ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்த சொல். பள்ளத்தாக்கு என்று பொருள். ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி வந்த அந்தப் பெயர்கூட இன்றுவரை மாறவில்லை.

மாறியது உள்ளூர்ப் பெயர்கள்தான். கோத்தர்களின் தெரு என்ற பொருளில் 'கோத்தகேரி' என்று இருந்தது, கோத்தகிரி ஆனது. தெரு மலையாகிவிட்டது, கோத்தர்கள் அங்கே குடியிருந்த கதை மறைந்துவிட்டது. தோடர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். அந்த மந்து ஆங்கிலேயர் நாவில் 'ஊட்டகமண்ட்' என்றாகி, தமிழில் உதகமண்டலமாக நின்றது. மந்து, மண்டலமாகிவிட்டது. 'ஊட்டி' என்று சுருக்கியபோது அதுவும் போயே போய்விட்டது.

பெயரில்தான் போனது, மண்ணில் போகவில்லை. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. அடுத்த முறை பூங்காவுக்குப் போனால் மேலேயும் கொஞ்சம் பாருங்கள். ஊட்டியின் பாதிப் பெயர் அங்கேதான் குடியிருக்கிறது.