கிட்னிவாக்கம்

சென்ட்ரலில் ஆவடி லோக்கல் பிடித்தால் பேசின்பிரிட்ஜ், பெரம்பூர் தாண்டி வருகிறது வில்லிவாக்கம். பக்கத்திலேயே ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். ஊருக்குள் பழைய அகத்தீஸ்வரர் கோயில். வயிற்றுக்குள் போன வாதாபியை அகத்தியர் ஜீரணம் பண்ணிய கதையை இந்த ஊரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

போன நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊருக்கு இன்னொரு பேர் கிடைத்தது. கிட்னிவாக்கம்! கிண்டல்தான், ஆனால் காரணப் பெயர். சைக்ளோஸ்போரின் மருந்து புழக்கத்துக்கு வந்து, சொந்தபந்தம் இல்லாதவர் கிட்னியும் உடம்பில் தங்கும் என்றானதும், புரோக்கர்கள் குடிசைப் பகுதிக்குள் நுழைந்தார்கள்.

"விக்கிறவன் சம்மதிக்கிறான், வாங்கறவன் பிழைக்கிறான், நடுவுல உனக்கென்னப்பா?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்கைக் கேட்கும்.

கணக்கு இருக்கிறது சார். 2001-ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். மறுவருஷம் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளியானது. நூற்றுக்கு 71 பேர் பெண்கள். 96 பேர் விற்றது கடனை அடைக்க. பேசிய தொகை சராசரி 1,410 டாலர்; கைக்கு வந்தது 1,070. அன்றைய ரேட்டில் ஐம்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

சரி, கடன் அடைந்ததா? கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகள்! குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. செங்கல் சுமக்கிறவரின் விலாவில் கத்தி வைத்தால் வேறென்ன ஆகும்? மெஷினை விற்று வட்டி கட்டுகிற முதலாளியை எங்கள் பாஷையில் வியாபாரி என்று சொல்ல மாட்டோம்.

இதைவிட மோசம் ஒன்று. லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானிடவியல்காரர் இந்தப் பெண்களிடம் பேசிவிட்டு எழுதினார்: கிட்னி விலைபோகும் பகுதிகளில் வட்டிக்காரர்களின் கெடுபிடி கூடுகிறதாம். தாலி, குண்டுமணி மாதிரி கிட்னியும் அடமானப் பொருளாகிவிட்டது! விற்காத பக்கத்து வீட்டுக்காரிக்கும் நெருக்கடி. அவளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

1994-ல் மத்திய அரசு விற்பனையைத் தடை செய்தது. தமிழ்நாடு 1995-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சொந்தமில்லாதவரும் கமிட்டி அனுமதியோடு 'பாசத்தால்' தரலாம் என்று ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அப்புறம் என்ன, வெளியூர்ப் பணக்காரர்கள் மேல் நம்ம ஊர்ச் சித்தாள்களுக்குப் பாசமான பாசம்!

2008-ல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி தரும் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. நல்ல காரியம். வரிசை நீளம் என்பதால் புரோக்கர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஊர்தான் மாறுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பு. 2025-ல் நாமக்கல் பக்கம் பள்ளிப்பாளையம். மாட்டியவர்கள் கடனில் இருந்த விசைத்தறித் தொழிலாளிகள்.