மார்கழியில் மார்க்கையன்கோட்டை: குளிரைவிட ஈரம் பொல்லாதது

மார்கழி மாதம், விடிய இன்னும் நேரம் இருக்கிறது. சின்னமனூரில் இருந்து குச்சனூர் பக்கம் போகும் சாலையில் மார்க்கையன்கோட்டையை நெருங்கும்போது, இரு பக்கமும் இருக்கும் நெல் வயல் கண்ணுக்குத் தெரியாது. வரப்பு, வாய்க்கால், தென்னந்தோப்பு எல்லாவற்றின் மேலும் மூடுபனி படுத்திருக்கும். பால் கேனோடு வரும் பைக்கின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். டீக்கடை அடுப்பை ஒட்டித் தலையில் துண்டு கட்டிய ஆட்கள் நிற்பார்கள். 'கூதல் தாங்கல' என்பதுதான் அந்த நேரத்துப் பேச்சு.

இது உறைபனி விழும் ஊர் அல்ல. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் மூணாறில் சில ஆண்டுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய், தேயிலைச் செடி கருகும். மார்க்கையன்கோட்டையில் அந்த அளவு குளிர் கிடையாது. ஆனாலும் பனிக்காலத்தில் இரண்டு ஆட்டுக்குட்டியையும் ஒரு ஈடு கோழிக்குஞ்சையும் பறிகொடுக்கும் வீடுகள் உண்டு. மார்கழியில் பிறக்கும் குட்டி பிழைத்தால் அடுத்த தீபாவளிச் சந்தைக்கு நிற்கும். அந்தப் பணத்தை நம்பிப் பள்ளிக்கூடச் செலவையும் நகைக்கடனையும் தள்ளிவைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஒரு குட்டியின் சாவு சின்ன விஷயம் அல்ல.

பள்ளத்தில் தேங்கும் குளிர்

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பே பனிக்கு வாகானது. மேற்கே இடுக்கியைப் பிரிக்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை, நடுவில் முல்லைப் பெரியாறு. மேகம் இல்லாத இரவில் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, தண்ணீர் வழிவது போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும்.

அதோடு சேர்வது வயல் ஈரம். 1895-ல் பெரியாறு அணை வந்தது. அந்தத் தண்ணீரில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. மார்கழியில் இரண்டாம் போக நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும். ஊரைச் சுற்றித் தண்ணீர், மேலே குளிர்ந்த காற்று. ஈரம் போக வழியில்லை.

ஆட்டு ரோமத்துக்கு இடையில் தங்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. ரோமம் நனைந்தால் அந்தப் போர்வை போய்விடும். உலர்ந்த ஆடு தாங்கும் குளிரை நனைந்த ஆடு தாங்காது. ஆகவே இந்த ஊரில் குளிருக்கான ஏற்பாடு தரையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தரை, பிறகு கூரை

கோமியம் தேங்காமல் தொழுவத் தரையைச் சரிவாக வைத்து, ஒரு சிறு ஓடை வெட்டிவிட வேண்டும். படுக்கைக்கு இந்தப் பக்கம் பஞ்சம் இல்லை. முதல் போக வைக்கோல், அரிசி ஆலை உமி, தென்னை நார்க்கழிவு எல்லாம் கிடைக்கும். எதைப் போட்டாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நனைந்த பகுதியைத் தினமும் காலையில் அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மங்கோலியாவில் மேய்ப்பர்கள் காய்ந்த சாணத்தைப் பரப்பி அதன்மேல் கால்நடைகளைப் படுக்க வைக்கிறார்கள். 2009-10 கடுங்குளிரில் 80 லட்சத்துக்கு மேல் கால்நடைகளை இழந்த நாடு அது. அங்கேயும் காய்ந்த படுக்கைதான் முதல் பாதுகாப்பு.

அடுத்தது கூரை. தகரக் கொட்டகைக்குள் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும்: மழையே இல்லாமல் சொட்டும். கால்நடையின் மூச்சு ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று கட்டினால் சொட்டு குறையும்.

வாடை அடிக்கும் பக்கம் சாக்கோ தார்ப்பாயோ கட்டலாம். ஆனால் தரையில் இருந்து ஆட்டின் முதுகுக்கு மேல் வரை மறைத்தால் போதும். கூரைக்குக் கீழே ஓர் அடியாவது திறந்திருக்க வேண்டும். முழுக்க மூடினால் ஈரமும் அம்மோனியா நெடியும் உள்ளேயே நிற்கும், சளியும் நிமோனியாவும் வரும். இதற்கு ஒரு சோதனை உண்டு. காலையில் தொழுவத்துக்குள் போய், ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட வேண்டும். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது.

குட்டி விழுந்த இரவு

குட்டி பிறந்ததும் முதல் வேலை காய்ந்த சாக்கால் துடைப்பது. மூக்கில், வாயில் இருக்கும் கோழையை எடுத்துவிட்டு, தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் நனைக்க வேண்டும். அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். முதல் நாளில் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி, பலமுறையாகப் போக வேண்டும். சீம்பால் நோய் எதிர்ப்பும் தரும், உடம்புச் சூட்டுக்கு எரிபொருளும் அதுதான்.

குட்டி துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கலாம். வாய் சில்லென்று இருந்தால் குளிர் உள்ளே இறங்கிவிட்டது. அவசரப்பட்டுப் பாலை ஊற்றக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து முதலில் சூடேற்ற வேண்டும். தலையைத் தூக்கிச் சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். தேறாவிட்டால் 1962 எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம்.

வரப்புப் புல்லும் வெயிலும்

பனி நனைந்த வரப்புப் புல் பச்சைப்பசேல் என்று ஆட்டைக் கூப்பிடும். அங்கேதான் கண்ணி இருக்கிறது. புழுக்களின் இளம் பருவம் பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறி நிற்கும். தண்ணீர் ஓரத்து நத்தைகள் மூலம் தட்டைப்புழுவும் பரவும். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவது நல்லது. அறுத்துவந்த புல்லையும் சற்று வாடவிட்டுப் போட வேண்டும்.

இரவுக்குக் காய்ந்த வைக்கோல் போட்டால், அது வயிற்றில் நொதித்து மாட்டுக்கு உள்ளிருந்தே சூடு தரும். பூசணம் பிடித்த வைக்கோல் ஆகாது. குடிக்க, தொட்டியில் இரவு முழுக்கக் கிடந்த தண்ணீரைவிட, அப்போது இறைத்த கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

குஞ்சும் காவல் நாயும்

தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதாது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவலாகத் திரிந்தால் சரி. பல்பை மின்கம்பியில் தொங்கவிடாமல் தனிக் கயிற்றில் கட்ட வேண்டும். உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும். உமி ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும், அதைக் கிளறிக் காயவைக்க வேண்டும்.

தோப்பைக் காக்கும் நாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தரையில் இருந்து நாலு விரல் உயர்த்திய ஒரு பலகை, மேலே காய்ந்த சாக்கு, காற்றுக்கு ஒரு மறைப்பு போதும். பூனையும் குட்டி நாயும் சூட்டைத் தேடி டிராக்டர், லோடு ஆட்டோ அடியில் படுக்கும். காலையில் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் கரி அடுப்பு வேண்டாம்

மனிதர்களுக்கும் இதே கதைதான். கைக்குழந்தையும் பெரியவர்களும் படுக்கும் இடத்தில் தரையில் பாய்க்கு அடியில் சாக்கோ கட்டிலோ இருந்தால் பாதிக் குளிர் விலகும். ஆனால் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுக் கரித்தணல் சட்டியை உள்ளே வைக்கவே கூடாது. தணலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். கொடைக்கானலில் கரி அடுப்போடு அறையை மூடித் தூங்கியவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

தை பிறந்ததும் வாய்க்கால் கரையில் மாடு குளிப்பாட்டும் கூட்டம் கூடும். கம்பம் நந்தகோபாலசாமி கோயில் மாட்டுத்தொழுவுக்கும் பலர் கிளம்புவார்கள். மாட்டுப்பொங்கல் வருவதும் பனிக்காலத்தில்தான். மாட்டை விடியலில் குளிப்பாட்டாமல், வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டி, நன்றாகத் துடைத்து, வெயிலில் நிறுத்திவிட்டு அப்புறம் மாலை போடலாம். இளங்கன்றுக்கு ஈரத்துணியால் துடைப்பதே போதும்.