சிவப்புச் சொட்டு

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் வண்டியை எடுத்தால், நின்ற இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு வட்டம். விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பு, லேசான கருகல் வாடை. பவர் ஸ்டியரிங் ஆயில்தான். மூன்று மாதமாக ஓட்டைப் பானைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு பட்டறையில் ‘ஸ்டியரிங் ரேக்கே போச்சு, மாத்தணும்’ என்றார்கள். தொகையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை புரட்டாசிச் சனி. அப்பாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். தீப மலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் குன்றின்மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் நிற்கிறாரே, எங்கள் தென்திருப்பதி, அது. கூட்டத்தில் ஒடித்துத் திருப்ப முடியாத வண்டியோடு போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ராஜபாளையத்தில் வேறொரு பட்டறை. மெக்கானிக் ரேக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. “சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற அண்ணாச்சி. காத்துல அடிச்சுப் பின்னாடி வந்திருக்கும்.” டீசல் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, பைப் முழுக்க முகப் பவுடரைத் தூவினார். என்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொன்னார். கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருந்தேன். “விடுங்க, பம்பு சூடேறிப் போயிரும்!”

வெள்ளைப் பவுடரில் ஒரு சிவப்பு இழை. ரப்பர் ஹோஸ் இரும்புப் பைப்போடு சேரும் பூண் ஓரத்தில். தொடப் போன கையைத் தட்டிவிட்டார். டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று மேல். இந்த ஹோஸில், முழுசாக ஒடிக்கும்போது, எண்பதையும் தாண்டும். ஊசித் துவாரம் வழியே பீய்ச்சினால் தோலைத் துளைத்துவிடுமாம்.

கிளிப் போட்டு இறுக்கினால் போதாதா என்று கேட்டேன். பதிலே இல்லை. புது ஹோஸ், புதுச் செம்பு வாஷர் இரண்டு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக இருபது தடவை சுற்றினேன். ஆயில் டப்பாவில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. குறையக் குறைய ஆயில் விட்டார். குமிழ் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பவிட்டார். உறுமல் இல்லை.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1951இலேயே அமெரிக்காவில் கிறைஸ்லர் காரில் வந்துவிட்ட வசதி பவர் ஸ்டியரிங். அப்பா ஓட்டிய அம்பாசடரில் அது இல்லை. “நாங்கள்லாம் தோளாலதான்டா ஒடிச்சோம்” என்றார். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மோட்டார்தான். ஒழுக ஆயிலே கிடையாது.

செப்டம்பர் 28, சனி

மலையடிவாரத்தில் காலை ஆறுக்கே நிறுத்த இடமில்லை. இரண்டு வேன்களுக்கு நடுவே ஒற்றைக் கையால் ஒடித்து நுழைத்தேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தால் வண்டிக்கடியில் ஈரம். பகீர் என்றது. மண்டியிட்டுத் தொட்டு முகர்ந்தேன்.

“என்னடா?”

“ஏசி தண்ணிப்பா.”