வெந்நீருக்கு எத்தனை ரூபாய்?

நம்ம மரக்காணத்தில் வெயிலை வைத்து உப்பு எடுக்கிறோம். அதே வெயிலில் வெந்நீர் எடுத்தால் என்ன செலவு, என்ன மிச்சம்? எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன்.

கடையில் சோலார் ஹீட்டர் விலையைக் கேட்டதும் மாமா, "அந்தக் காசுக்கு ஒரு பழைய வண்டியே வாங்கிடலாம்"னு திரும்பி வந்துட்டாரு. 100 மீட்டர் அரை இஞ்ச் கறுப்பு பைப் வாங்கி, மொட்டை மாடியில் வட்டமாகச் சுற்றிவிட்டோம். பைப், வால்வு, கிளிப் எல்லாம் சேர்த்து 2,050 ரூபாய். கூலி, மாமாவுக்கு டீயும் வடையும்தான். இரும்பு ஸ்டாண்டு மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. உப்புக் காத்துல நம்ம ஊரு ஜன்னல் கம்பி என்ன ஆகுதுன்னு பாக்கறோமே!

பைப்புக்குள் பிடிப்பது சுமார் 18 லிட்டர், அதாவது ஒரு வாளி. அதை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 18 × 4.2 × 17 = 1,285 கிலோஜூல் வேண்டும். (இயற்பியல் ஐயா சரிபார்க்கவும்!) கேஸ் அடுப்பின் சூட்டில் 60 சதவீதம்தான் தண்ணீரில் ஏறும் என்று வைத்தால், வாளிக்கு 47 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் 300 வாளி. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் ஒரு வாளி 3 ரூபாய்.

அவ்வளவுதானா என்று எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. தினம் 2 வாளி எடுத்தாலும், போட்ட காசைப் பிடிக்க 342 நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைப் சும்மா கிடக்கும். சித்திரையில் யாருக்கு வெந்நீர் வேணும்? ஆக, இரண்டு மூன்று வருஷம் ஆகும். கரண்டில் காய்ச்சுகிற சின்ன வீட்டுக்கு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மிச்சமே தெரியாது.

எங்கள் வீட்டில் கேஸும் இல்லை, கரண்டும் இல்லை. வெந்நீருக்குச் சவுக்கு மிளார்தான். தை மாசம் அம்மா விடியும் முன்னே பாத்தி மிதிக்கப் போய், பதினோரு மணிக்கு வருவாங்க. விரல் இடுக்கெல்லாம் உப்புப் புண். அந்தக் காலோடு உட்கார்ந்து அடுப்பு ஊதணும். இப்போ வால்வைத் திறந்தால் போதும். கணக்கை அம்மாவிடம் காட்டினேன். "மூணு ரூவாயா? புகையை எந்தக் கணக்குல எழுதினே?"ன்னாங்க.

செய்ய நினைப்பவர்களுக்கு: மதியத்தில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். வாளியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திறங்கள். குடிக்க வேண்டாம்.

கொசுறு: குஜராத்தில் பூஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் உப்புநீர்க் குளம் வெட்டி, 1993 முதல் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தார்கள். அடியில் கனமான உப்புநீர் சூடானாலும் மேலே வராது. அதனால் சூடு அங்கேயே தங்கிவிடும்!