இரண்டு கொக்கிகள்

அப்பா இறந்த பின் வீடு, தோட்டம், பாத்திரம் பண்டம் யாவும் முறைப்படி பாகம் பிரிக்கப்பட்டன. பிரிக்கப்படாமல் எஞ்சியது பரண்மேல் இருந்த ஒரு தகரப்பெட்டி மட்டுமே. அதனுள் ஒரு பொம்மை ரயில் எஞ்சினும் ஆறு சரக்கு வேகன்களும் இருந்தன. அண்ணன் தம்பி எங்கள் இருவரில் எவரும் அதைக் கேட்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. பங்கு குறித்த மனத்தாங்கலில் இரண்டாண்டுகள் எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. அப்போதும் அந்தப் பெட்டி மூத்தவன் வீட்டுப் பரணில் இருப்பதை இளையவன் மறக்கவில்லை. அவன் மறக்கவில்லை என்பதை மூத்தவனும் அறிந்தே இருந்தான்.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். 1973இல் லிவர்பூலில் கப்பல் நின்றிருந்த நாட்களில் பழைய சாமான் கடையொன்றில் அவர் வாங்கியது அந்த ரயில். ஹார்ன்பி டப்ளோ என்னும் வகை. அதே நகரத்தின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நிஜ ரயிலின் ஓரடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது அதன் அளவு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அப்பா விடுப்பில் வரும் நாட்களில் மட்டும் கூடத்தில் அது ஓடும். வேகன்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் கீறி ஒன்று முதல் ஆறு வரை எண் இட்டிருந்தார். அந்த வரிசை மாறக் கூடாது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு இளையவனின் மகளுக்கு உறவினர் ஒருவர் லண்டனிலிருந்து புதிய ஹார்ன்பி ரயில் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த குழந்தை, "தாத்தாவோட வண்டிய இதுல மாட்ட முடியுமாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை முன்னிட்டே இளையவன் தொலைபேசியை எடுத்தான். மறு ஞாயிறு மூத்தவன் பெட்டியோடு வந்தான்.

அப்பாவின் எஞ்சினுக்கு வழியில்லை. அது நடுவில் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. புதிய பாதையில் தண்டவாளம் இரண்டுதான். ஆனால் வேகன்களின் சக்கரங்கள் பிளாஸ்டிக்காலானவை. ஆகவே மின்சாரம் குறுக்கே பாயும் அச்சமில்லை. பாதை அகலமும் ஒன்றே. தடையாக நின்றது கொக்கி ஒன்றுதான்.

பழைய கொக்கி கிடைமட்டமானது. வளைத்த இரு விரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோலப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும். புதியதில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். எதிர் வண்டியின் கொக்கி மேலிருந்து அதன்மேல் விழுந்து பற்றும். இழுக்க இழுக்க இறுகும். அழுத்தம் தளர்ந்தால்தான் விடும். இரண்டையும் அருகருகே வைத்தால் முட்டிக்கொண்டு நிற்குமே தவிரப் பற்றுவதில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்த சங்கடமன்று. இந்த இரண்டாம் வகைக் கொக்கி, ஹார்ன்பியின் போட்டி நிறுவனமான ட்ரை-ஆங் 1959இல் கொண்டுவந்தது. 1964இல் ட்ரை-ஆங்கின் தாய் நிறுவனம் ஹார்ன்பியை வாங்கியது. பெயர் தோற்றவருடையதாகவும் கொக்கி வென்றவருடையதாகவும் ஒரே நிறுவனம் ஆயிற்று. ஆனால் இங்கிலாந்தின் வீடுகளில் பழைய டப்ளோ வண்டிகள் அப்படியே இருந்தன. அவர்களுக்காக, ஒரு முனையில் பழைய கொக்கியும் மறுமுனையில் புதிய கொக்கியும் கொண்ட மாற்று வேகனைப் புதிய நிறுவனமே விற்றது. அந்த வேகனைப் பற்றி அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

மூத்தவன் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஆறு வேகன்களிலும் பழைய கொக்கிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்திவிடலாம், ஒருநாள் வேலை என்றான். புதிய ரகங்களில் கொக்கியைச் செருக ஐரோப்பியத் தர விதி ஒன்றின்படி அமைந்த சிறு குழி உண்டு. நெம் 362 என்பது அவ்விதியின் எண். விரலால் இழுத்தால் கொக்கி வந்துவிடும். பழையவற்றில் அப்படியில்லை, ரிவெட் அடித்திருக்கும். துளைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் மீண்டும் வைப்பதற்கில்லை. இளையவன் வேண்டாம் என்றான். மூத்தவன் மூன்றாம் எண் வேகனை எடுத்து டிரில்லை வைத்தான். ரிவெட் கழன்றது, கூடவே அறுபது ஆண்டுப் பழமையேறிய பிளாஸ்டிக் அடிச்சட்டமும் ஒரு முனையில் விரிந்தது.

"அண்ணே, போதும்" என்றான் இளையவன். அந்தச் சொல்லில் வேகன் மட்டும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

அடுத்து வந்த வாரங்களில் நாங்கள் தனித்தனியே இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம் என்பது பின்னரே தெரிந்தது. மூத்தவன் ஜப்பானைப் பற்றிப் படித்திருந்தான். 1925 ஜூலை 17 அன்று, ஹோன்ஷு தீவின் சரக்கு வேகன்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் கொக்கியை மாற்றிவிட்டார்கள்; மூன்று நாள் கழித்துக் கியூஷு தீவிலும். நம் நாட்டில் வழி வேறு. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளுக்குத் திருகுக் கொக்கி. அவ்வகையின் உற்பத்தி 2018இல் நின்றது. புதிய வகைப் பெட்டிகளுக்கு நடுவே கைப்பிடி போன்ற இணைப்பு. இரண்டும் நேராகச் சேரா. ஆனால் இரண்டையும் இழுக்கும்படியான இணைப்பு எஞ்சின்களின் முகப்பில் உண்டு. ஒரே நாளில் மாற்ற நாடே ஒருமனப்பட வேண்டும். இல்லையெனில் இடையில் எதுவோ ஒன்று இரண்டுக்கும் உரியதாக நிற்க வேண்டும்.

இளையவன் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். அவன் மனம் புணர்ச்சி விதிகளுக்குப் போயிற்று. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது சில இடங்களில் எழுத்து திரியும். சில இடங்களில் கெடும். ஆனால் மணி, அடித்தான் என்னும் இரண்டும் சேர்கையில் எதுவும் கெடுவதில்லை. மணியடித்தான் என இடையில் ஒரு யகரம் வந்து நிற்கிறது. அது மணியிலும் இல்லை, அடித்தானிலும் இல்லை. உடம்படுமெய் என்று அதற்குப் பெயர். வகுப்பில் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒன்று, மேசைமேல் விரிந்து கிடந்த மூன்றாம் எண் வேகனைப் பார்த்தபோதுதான் அவனுக்கே விளங்கியது. அந்த வேகனின் மறுமுனையில் அப்பா காலத்துக் கொக்கி அப்படியே இருந்தது.

இம்முறையும் இளையவனே அழைத்தான். மூத்தவன் ஒன்றும் கேட்காமல் அரமும் அரால்டைட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். விரிந்த முனையை ஒட்டி, தபாலில் தருவித்த குழியை அதன் அடியில் பொருத்தி, புதிய கொக்கியைச் செருகினோம். முதல் ஓட்டத்தில் வளைவில் கழன்றது, உயரம் குறைவு. ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வைத்து உயர்த்தினோம். மூன்றாம் முறை, 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் புதிய எஞ்சின் மெல்லத் திரும்பியது. பின்னால் உடைந்த வேகன். அதன் பின்னால் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு. பின்னோக்கித் தள்ளினால் இன்றும் சில வேளை தடம் புரள்கிறது. முன்னோக்கி இழுத்தால் பழுதில்லை.

அப்பாவின் வரிசை மாறிவிட்டது. மூன்றாம் எண் முதலில் வந்துவிட்டது. அதைச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாயெடுக்கவில்லை, சொல்லாமலே சிரித்துக்கொண்டோம்.

மாலையில் எடுத்துவைக்கும்போது குழந்தை கேட்டாள்: "இது எந்தப் பெட்டியில போகணும்? தாத்தா பெட்டியிலயா, என்னோடதுலயா?" எங்களிடம் பதில் இல்லை. மூத்தவன் அதை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நான் வெச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு வரும்போது கொண்டு வரணும்ல" என்றான்.