பளபளப்புக்கு அடியில் போன கரன்ட்

புதுப்பேட்டைச் சந்தில் பானெட் திறந்தபடி நிற்கிறது ஒரு கறுப்பு அம்பாசிடர் மார்க் 2. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம். இதைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கம் உதிரி பாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து வண்டியில் முகம் பார்க்கலாம். ஆனால் செல்ஃப் முனகுகிறது, ஹெட்லைட் அழுது வடிகிறது. ஓனர் புது பேட்டரியும் போட்டுப் பார்த்துவிட்டார்.

"பேட்டரி மேல தப்பில்ல சார்" என்று மீட்டரை வைத்தார் எலக்ட்ரீஷியன் பாய். 12.6 வோல்ட். முழு சார்ஜில் சும்மா இருக்கும் பேட்டரி காட்டவேண்டியது அதுதான், 12.2 என்றால் பாதி காலி. பலர் இதோடு மீட்டரை மூடிவிடுகிறார்கள். கரன்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்புகூட முழு வோல்டேஜைக் காட்டும். லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

பாய் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையில் வைத்தார், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில். "டேய் தம்பி, செல்ஃப் அடி!"

2.3 என்றது மீட்டர். கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடம் அது.

"சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன், சுட்டது. இன்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்ப ஒழுங்கான வழி கிடைக்காமல், செல்ஃப் இழுக்கும் கரன்ட் அந்த ஒல்லிக் கம்பியில் ஏறிப் போயிருக்கிறது. இதை விட்டுவைத்தால் ஒருநாள் கேபிளே பழுத்துவிடும்.

இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றினார். போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட்! பெயின்டரைக் குறை சொல்ல மாட்டேன்; எர்த் பிடிக்கும் இடங்களில் டேப் ஒட்டச் சொல்லியிருக்க வேண்டியது வேலை வாங்கியவர்கள். உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். மறுபடி செல்ஃப். மீட்டரில் 0.2.

வண்டி ஓடத் தொடங்கியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஓனர் முகம் சுருங்கியது.

"டைனமோ வண்டி சார். ஐடிலிங்ல அப்படித்தான்."

நின்ற இடத்திலேயே சார்ஜ் ஏற்ற, டைனமோ ஒன்றும் ஆல்டர்னேட்டர் இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் விளக்கு அணைந்தது, பேட்டரியில் 13.9. அப்படி ஏறாவிட்டால்? டைனமோவின் D, F வயர்களைக் கழற்றி, டைனமோவில் உள்ள அந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, பாடிக்கு மீட்டர் வைத்து மெல்ல வேகம் கூட்டுவாராம். 20 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். தொட்டால் டைனமோ நல்லது. கோளாறை வயரிலோ கட்டவுட் பெட்டியிலோ தேடலாம்.

"ஆல்டர்னேட்டரே மாத்திடலாமா பாய்?" என்றார் ஓனர்.

"மொதல்ல லைட்டு எர்த்தையெல்லாம் சுரண்டுவோம் சார். அங்கயும் பெயின்ட்டுதான் இருக்கும்."

இடது ஹெட்லைட் இன்னும் மஞ்சளாகத்தான் எரிந்தது. பையன் ஸ்குரூ டிரைவரோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.